எட்டாம் மாதத்தில் ஏன் ஆபரேஷன்?

பெங்களூரில் பிரேசர் டவுன் என்று ஒரு பகுதி உண்டு. தமிழர்கள் பலர் வாழும் இடம். அங்கே மசூதி ரோட்டில் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பெயரில் ஒரு மசூதி இருக்கிறது. பக்கத்துச் சிவாஜி நகரில் ஓர் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரி. அதற்கும் அவர் பெயர்தான். மக்கள் அதைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்பார்கள். கோஷா என்றால் பர்தா. பெண்களுக்காக எழுந்த ஆஸ்பத்திரி என்பது பெயரிலேயே தெரிகிறது.

கர்ப்பிணி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சிறுநீரையும் சோதிப்பார்கள். ஏன்?

சில பெண்களுக்கு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரத்தக் கொதிப்பு வரும். 140-க்கு 90 என்றால் கவனம் தேவை. 160-க்கு 110 என்றால் ஆபத்து. பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கால் வீக்கம் கர்ப்பத்தில் சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்குவது சகஜம் இல்லை. கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் உடனே போக வேண்டும். முற்றினால் வலிப்பு வரும். அது பேய் அல்ல. வேப்பிலை அடித்து நேரத்தைப் போக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை கொதிப்பைக் குறைக்கும். நோயைப் போக்காது. நோய்க்கு மூலம் நஞ்சுக்கொடி. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் நோய் இறங்கும். அதனால்தான் டாக்டர் மாதம் நிறையும் முன்பே பிரசவம் பார்க்கிறார். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. மருந்து கொடுத்து வலி வரவழைப்பதும் உண்டு. அதற்கு நேரமில்லை என்றால், அல்லது குழந்தையின் இதயத் துடிப்பு தளர்ந்தால், ஆபரேஷன்தான் வழி. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் ஊசி போடுவார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. இந்த ஊசியால் வலிப்பு வருவது பாதிக்கு மேல் குறைந்தது.

கையெழுத்துக் கேட்டால் வீட்டில் கலக்கம் வரும். "ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது" என்பார் பாட்டி. இது தவறான கணக்கு. ஒரு மாதம் கூடுதலாக வளர்ந்த பிள்ளைக்குப் பலம் அதிகம். குறைமாதம் என்றால், நேரம் இருந்தால், குழந்தையின் நுரையீரல் வலுப்பெறத் தாய்க்கு ஊசி போடுவார்கள். தாளை வாசியுங்கள். புரியாததைக் கேளுங்கள். ஊரிலிருந்து மாமா வரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். செலவுக்கும் பயப்பட வேண்டாம். 2011 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷனும் இலவசம்.

பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரலாம். முதல் இரண்டு நாள் மிகவும் கவனம் தேவை. வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் வரை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.