உயிருள்ள பொன் பல்லி

விடுமுறையில் தாயகம் செல்லும் நம்மவர் பலர், காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கித் திரும்புவது வழக்கம். பல்லி மேலே விழுந்த தோஷம் அதனால் நீங்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அவை உலோகத்தால் ஆனவை. உயிருள்ள பொன் பல்லி ஒன்றும் உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறை இடுக்குகளே அதன் இருப்பிடம். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் என்னும் ஆங்கிலேயர், திருப்பதி மலையில் கண்ட இப்பல்லியை 1870-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார். அதன்பின் மிக நீண்ட காலம் அறிவியலார் பார்வைக்கு எட்டாதிருந்து, 1980-களில்தான் ஆந்திர மலைகளில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. அக்காலமெல்லாம் 'கோவிந்தா' என்று முழங்கியவாறே லட்சோப லட்சம் யாத்திரிகர் அம்மலை ஏறி இறங்கினர்! பின்னர் ஒடிஸாவிலும், நம் வேலூர் மாவட்டத்து மலைகளிலும் அதன் இருப்புத் தெரியவந்தது. இதன் நெருங்கிய உறவான மற்றோர் இனம் இலங்கையில் வாழ்கின்றது.

வீட்டுப் பல்லியைவிடப் பெரிதான இது, பகலில் குளிர்ந்த பாறைப் பிளவுகளில் பதுங்கி, இரவில் இரை தேடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி பசும்பொன் நிறம் பூணும். பெட்டையும் குஞ்சும் பழுப்பு நிறமே.

வீட்டுப் பல்லி நம்மைப் போன்றது. மனிதரோடு கப்பலேறிப் பல தேசங்களிலும் குடியேறிவிட்டது. பொன் பல்லிக்கோ பாறையை விட்டால் வேறு புகலில்லை. பல பெட்டைகள் ஒரே குகைச் சுவரைத் தேடி வந்து, ஆண்டுதோறும் அங்கேயே முட்டையிடுகின்றன. முட்டைகள் பாறையோடு ஒட்டிக்கொள்கின்றன. குஞ்சு பொரிந்து சென்ற பின்னரும் ஓட்டின் தடம் அழியாது நிற்கிறது. ஆகவே, கல்லுக்காக அத்தகைய பாறை ஒன்றை வெடிவைத்துத் தகர்ப்பது, ஓர் ஊரின் பிரசவ விடுதியையே இடித்துத் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பல்லியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். எனினும், பல்லியைக் காத்துப் பாறையைக் கைவிட்டால் பயன் யாது?

அடுத்த முறை திருமலைக்கு நடந்தேறும்போது, அப்பாறைகளைச் சுட்டி நம் குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்வோமாக. இடுக்குகளில் குச்சியை விட்டுக் கிளறாதிருக்கவும், கல்லைப் புரட்டாதிருக்கவும் அவர்களைப் பழக்குவோம். காஞ்சியில் தொட்டு வணங்குவோம். மலையிலே தொடாமல் வணங்குவோம்.