ஏழு ஓட்டங்களுக்குப் பிறகு

2019 நவம்பரில் மும்பை ஆசாத் மைதானத்தில் நடைபெற்ற ஹாரிஸ் கேடயப் போட்டியின் முதல் சுற்று ஆட்டமொன்று நாடெங்கும் செய்தியானது. போரிவலியைச் சேர்ந்த சுவாமி விவேகானந்த் இன்டர்நேஷனல் பள்ளி 4 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 761 ஓட்டங்களைக் குவித்தது. எதிர்த்து ஆடிய அந்தேரிப் பள்ளியோ 7 ஓட்டங்களுக்குள் சுருண்டது. அந்த ஏழும் மட்டையிலிருந்து வந்தவை அல்ல. ஆறு வைட், ஒரு பை. பதினொரு சிறுவர்களில் ஒருவர்கூடத் தம் கணக்கைத் தொடங்கவில்லை. தோல்வியின் அளவு 754 ஓட்டங்கள்.

செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அன்று மாலை ரயிலேறி வீடு திரும்பிய அச்சிறுவர்கள் மறுநாள் மட்டையைத் தொட்டிருப்பார்களா என்பதே கேட்கத்தக்க கேள்வி. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ பிள்ளையைப் பள்ளி அணிக்கு அனுப்பும் நம் வாசகர்களுக்கும் அக்கேள்வி உரியதே.

அந்த 761-ஐச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஆடிப் பெற்றவை 605. எஞ்சிய 156 அபராத ஓட்டங்கள். மூன்று மணி நேரத்திற்குள் 45 ஓவர்களை வீசி முடிக்க வேண்டும் என்பது விதி. அந்தேரிச் சிறுவர்களால் 39 ஓவர்களையே வீச முடிந்தது. குறைந்த ஓவர் ஒவ்வொன்றுக்கும் 26 ஓட்டங்கள் எதிரணிக்கு வழங்கப்பட்டன. வைட் வீச வீச ஓவர் நீளும். எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை ஒவ்வொரு முறையும் ஓடி எடுத்துவர வேண்டும். பல ஆட்டங்கள் அருகருகே நடக்கும் ஆசாத் மைதானத்தில் அது அடுத்த ஆட்டத்தின் நடுவே போய்க் கிடக்கும்.

நலிந்த அணியின் பயிற்சியாளர் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. எதிரணி மட்டையாளரின் திறமையை அவரால் குறைக்க இயலாது. ஆனால் ஆறு பந்துகளையும் ஒழுங்காக வீசுவதற்கும், ஓவர் முடிந்ததும் நடக்காமல் ஓடிச் சென்று இடம் மாறுவதற்கும் பிறவித் திறமை தேவையில்லை. வாங்கிய கடனின் வட்டி தவிர்க்க முடியாதது, தாமதக் கட்டணம் தவிர்க்கக்கூடியது என்பது வங்கி வாடிக்கையாளர் அறிந்ததுதானே. ‘இன்று 45 ஓவர்களையும் நேரத்திற்குள் வீசி முடிப்போம்’ என்று இலக்கு வைத்தால், அதை எட்டிய சிறுவன் தோற்ற பின்னும் ஒரு வெற்றியோடு வீடு திரும்புவான்.

இத்தகைய ஏற்றத்தாழ்வு ஏன் நேர்கிறது? 16 வயதுக்குட்பட்டோருக்கான ஹாரிஸ் கேடயமும், 14 வயதுக்குட்பட்டோருக்கான கைல்ஸ் கேடயமும் நூறாண்டு கடந்தவை. கிரிக்கெட்டில் பெயர் பெற்ற பள்ளிகள் நகரின் பல மூலைகளிலிருந்தும் திறமையுள்ள சிறுவர்களை ஈர்க்கின்றன. மற்றப் பள்ளிகள் இருப்பவர்களைக் கொண்டு அணி அமைக்கின்றன. சந்தில் டென்னிஸ் பந்தில் பழகிய கைக்குத் தோல் பந்து முதலில் அச்சத்தையே தருகிறது. அவ்வச்சத்தைப் போக்கச் சில வாரங்களாவது வேண்டும். சந்து விளையாட்டை இகழ்வதற்கில்லை. தாராவியில் சிறுவர்களோடு தெருவில் ஆடி வளர்ந்த சிம்ரன் ஷேக்கை மகளிர் பிரீமியர் லீக்கின் 2024 டிசம்பர் ஏலத்தில் குஜராத் ஜெயன்ட்ஸ் அணி 1.90 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

வலியவர்களை வேறொரு வழியில் எதிர்கொண்டவர் மும்பையில் வளர்ந்து அமெரிக்காவில் தொழிலதிபரான விவேக் ரணதிவே. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் தம் மகள் ஆடிய சிறுமியர் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளரானார். அவ்விளையாட்டை அவர் ஆடியதே இல்லை. சிறுமியருள் பலருக்கும் பந்தைக் கூடையில் இடத் தெரியாது. 94 அடி நீள ஆடுகளத்தில் தற்காக்கும் அணி பின்வாங்கிக் கடைசி 24 அடியை மட்டும் காப்பது ஏன் என்று வியந்தார். பந்தை உள்ளே எறிய ஐந்து நொடி, பாதிக்களம் கடக்கப் பத்து நொடி என்ற விதிகளைப் பற்றிக்கொண்டு, முழுக்களத்திலும் எதிரணியை நெருக்கச் சொன்னார். ஓடுவதற்கு மட்டும் அச்சிறுமியர் சளைக்கவில்லை. அணி தேசியப் போட்டி வரை சென்றது. அங்கே ஓர் ஆட்டத்தில் நடுவர் அடுத்தடுத்துத் தவறுகளை அறிவிக்கவே, நெருக்கும் முறையைக் கைவிட்டு ஆடித் தோற்றது. மால்கம் கிளாட்வெல் 2009-இல் எழுதிய கட்டுரையால் இக்கதை உலகெங்கும் பரவியது.

அம்முறையைக் கண்டு எதிரணிப் பயிற்சியாளர்கள் சினந்ததும் உண்டு. குழந்தைகள் அடிப்படைத் திறன்களைக் கற்கவேண்டிய வயதில் இது குறுக்குவழி என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. உத்தி ஒரு பருவத்தைக் காப்பாற்றும். அடுத்த பருவத்திற்கு எறியவும் பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியின் கதை பொறுமையின் பாற்பட்டது. கிரிக்கெட்டில் பெரிதும் பேசப்படாத அப்பள்ளி 1976-இல் கைல்ஸ் கேடய இறுதியாட்டத்தை எட்டி, செயின்ட் மேரீஸ் பள்ளியிடம் தோற்றது. பின்னாளில் ரஞ்சிக் கோப்பையில் ஆடிய இருவர் அந்த எதிரணியில் இருந்தனர். தாதர் யூனியனுக்கு ஆடிய பி.டி. தேசாய் டான் பாஸ்கோவின் பயிற்சியாளர். மறு ஆண்டு அப்பள்ளி தன் வரலாற்றில் முதன்முறையாகக் கைல்ஸ் கேடயத்தை வென்றது. அணித்தலைவர் ரவி சாஸ்திரி.

வலிய அணிக்கும் ஒரு கடமை உண்டு. ஆட்டம் கைக்கு வந்த பின்னும் ஓட்டங்களைப் பெருக்கிக்கொண்டே போவதால் வென்ற சிறுவன் கற்பது சொற்பம். அந்நேரத்தில் பின்வரிசைச் சிறுவர்களை முன்னே இறக்கினால் இரு தரப்புக்கும் பயன் உண்டு.

1988 பிப்ரவரியில் ஹாரிஸ் கேடய அரையிறுதியில் சாரதாஸ்ரம் பள்ளியின் சச்சின் தெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் சேர்த்தது அனைவரும் அறிந்த செய்தி. அன்று வெயிலில் பந்து வீசிய செயின்ட் சேவியர்ஸ் சிறுவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவர்களுள் ஒருவர், 15 வயது சுழற்பந்து வீச்சாளர் சாய்ராஜ் பஹுதுலே. 2001-இல் சென்னை சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அதே ஆட்டத்தில் சதமடித்த தெண்டுல்கர் இம்முறை அவர் அணியில் இருந்தார். பின்னர் பஹுதுலே, கேரள அணிக்கும் வங்காள அணிக்கும் பயிற்சியாளரானார்.