கொட்டியாரத்தில் ஒரு பிரெஞ்சுச் சேனாபதி

மட்டக்களப்பு வாவியோரத்துக் கோட்டையை 1638-இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தர், கீழ்க்கரை வாணிபம் பிறர் கைக்குப் போகாதபடி காவல் புரிந்துவந்த காலத்தில், பதினான்காம் லூயி மன்னரின் ராஜப்பிரதிநிதியாகக் கப்பற்படையொன்றை நடத்திவந்த சேனாபதி பிளாங்கே தெ லா ஹே, 1672-இல், மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டார். ஒல்லாந்தரை வெறுத்த கண்டியரசர் இரண்டாம் இராஜசிங்கன் அவரை உவகையோடு வரவேற்றார். ஆனால் தூது சென்ற லனரோல் என்பவர், அரண்மனை மரியாதைகளைத் துச்சமாக மதித்துக் குதிரைமீதே சென்றமையால், அரசரின் கோபத்துக்காளாகிச் சிறைப்பட்டார். தூதனுக்குப் பணிவில்லையேல் பீரங்கிகள் இருந்தென்ன! ஒல்லாந்தர் கப்பல்கள் வழிமறிக்கவே, உணவு முட்டுப்பட்ட லா ஹே சோழமண்டலக் கரைக்கேகிச் சாந்தோமைப் பிடித்து, நெடிய முற்றுகைக்குப் பின் 1674-இல் சரணடைந்தார். கண்டியிலேயே தங்கிவிட்ட தூதரின் பெயரோ, இலங்கையில் இன்றும் ஒரு குடும்பப் பெயராக வழங்குகிறது.