பூங்கார் நொய்யில் ஒரு மரக்கட்டை கேக்

பாரம்பரிய நெல் போடுகிற எல்லோருக்கும் ஒரு தலைவலி உண்டு: நொய். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். சொர்ணவாரிப் பட்டத்தில் பூங்கார் போடுகிறோம். முழு அரிசிக்கு ஆள் வருகிறார்கள். அரைவையில் உடைந்த நொய்யை யாரும் சீண்டுவதில்லை. போன வருசம் ஒரு கடைக்காரர், "கோழித் தீவனத்துக்குன்னா எடுத்துக்கிறேன்" என்றார். ரசாயனம் தொடாமல் வளர்த்த அரிசி. மனசு கேட்கவில்லை. 40 கிலோ நொய்யும் வீட்டிலேயே கிடந்தது.

டிசம்பர் மாதம் மகள் புதுச்சேரிக்குப் போய்விட்டு வந்தாள். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்குள்ள பேக்கரிகளில் மரக்கட்டை வடிவத்தில் ஒரு கேக் வைப்பார்கள். பிரெஞ்சில் 'பூஷ் தெ நோயேல்' என்று பெயர். "நம்ம வீட்லயே செய்யலாம்மா, மைதா இல்லாம" என்றாள். எனக்கு உடனே நொய் மூட்டைதான் ஞாபகம் வந்தது.

முதல் தடவை தோற்றேன். நொய்யைக் காய்ந்தபடியே மில்லில் கொடுத்து அரைத்தேன். மாவு நறநறவென்று இருந்தது. கேக்கை நன்றாக ஆறவிட்டுச் சுருட்டினேன். அப்பளம் மாதிரி உடைந்தது. அரிசியில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. அந்தக் குறையை மாவின் மென்மையும் முட்டையின் நுரையும்தான் ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாம் தடவை அதிரச மாவு பக்குவத்துக்குப் போனேன். நொய்யை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, லேசான ஈரம் இருக்கும்போதே அரைத்து, இரண்டு முறை சலித்து, பிறகு காயவைத்தேன். கை வைத்தால் விபூதி மாதிரி இருந்தது.

அளவு இதுதான். நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் 5. நாட்டுச்சர்க்கரை 100 கிராம், மாவு 80 கிராம், உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, மூன்று மடங்கு பொங்கும்வரை அடிக்க வேண்டும். மாவைச் சலித்துத் தூவி, நுரை அடங்காமல் மெதுவாகக் கலந்து, கடைசியில் வெண்ணெய். எண்ணெய்த்தாள் விரித்த தட்டில் அரை அங்குல உயரத்துக்குப் பரப்பி, முன்பே சூடாக்கிய மின் அடுப்பில் 180 டிகிரியில் 12 நிமிடம்.

சூட்சுமம் இனிமேல்தான். சூடாக இருக்கும்போதே ஈரத்துணியில் கவிழ்த்து, தாளை உரித்து, துணியோடு சேர்த்துச் சுருட்டிவிட வேண்டும். அப்படியே ஆறட்டும். பிறகு விரித்து, பூச்சைத் தடவி, திரும்பச் சுருட்டினால் உடையாது.

பூச்சுக்கு 150 கிராம் வெண்ணெய், கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த பனைவெல்லப் பாகு 100 கிராம், கோகோ தூள் 3 கரண்டி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள், அந்தத் தூள் கிடைத்தால் நல்லது. ஒரு முனையைச் சாய்வாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டினால் கிளை. மேலே பூச்சைத் தடவி முள்கரண்டியால் கீறினால் மரப்பட்டை. அங்கங்கே வெடித்திருந்தாலும் கவலையில்லை, மரம் என்றால் வெடிப்பு இருக்காதா?

என் மாமியார் வந்து பார்த்தார். "என்னாடி இது, நம்ம கோயில் இட்லியப் படுக்க வச்ச மாதிரி இருக்கு!" என்றார்.

உண்மைதான். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியும் ஒரு கட்டைதான். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை சுற்றி, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை ஊற்றி, மூன்று மணி நேரம் போல ஆவியில் வேகவைத்து, துண்டு துண்டாக நறுக்கித் தருகிறார்கள். பிரான்சில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு பெரிய மரக்கட்டையைக் கணப்பில் போட்டு எரிப்பது வழக்கமாம். வீடுகளில் கணப்பு குறைந்தபோது, கட்டை கேக்காக மாறியது. நம்மிடமும் அதே கதைதான். வீடுகளில் குடலை போய்விட்டது, காஞ்சிபுரம் இட்லி டம்ளருக்குள் வந்துவிட்டது. பண்டம் எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் குடலை முடைந்தவர் என்ன ஆனார், மந்தாரை இலை பறித்தவர் என்ன ஆனார் என்று நாம் கேட்பதில்லை.

கேக்கில் பாதியைக் கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். தறிக்காரக் குடும்பம். மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், "அந்த மாவு இன்னும் இருக்கா? இடியாப்பத்துக்கு வேணும்" என்றார். அவர் சொல்லி, அந்தத் தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பொங்கலுக்குள் 8 கிலோ மாவு போனது. பெரிய வருமானமில்லை. ஆனால் தீவனத்துக்குப் போக இருந்த நொய், மனிதர் தட்டுக்குப் போனது. மீதி 32 கிலோவையும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாவாக்கித்தான் கொடுக்கிறேன்.

இந்த ஆடியில் வரப்போரம் இரண்டு மந்தாரைக் கன்று வைத்திருக்கிறேன். இலை வந்ததும் மாமியாரை உட்காரவைத்து, அதே நொய்யில் குடலை இட்லி போட்டுப் பார்க்க வேண்டும். குடலை முடையத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.