கதவும் அதன் மாற்று உறுப்புகளும்

வீடு கட்டுவோர் கதவைப் பற்றி நெடுநேரம் யோசிக்கிறார்கள். மரமா இரும்பா, எத்தனை அடி அகலம், எந்த நிறம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆனால், "இக்கதவில் ஓர் உறுப்பு தேய்ந்துபோனால் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கேள்வி சிறியது, ஆனால் இயந்திரங்களோடு வாழும் நம் எல்லோருக்கும் அது உரியது.

நான் குடியிருப்பது அய்யலூரில். திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. வியாழக்கிழமைதோறும் கூடும் எங்கள் ஆட்டுச் சந்தையைப் பலர் அறிவார்கள். சாலையில் செல்லும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி வணங்கிச் செல்லும் வண்டிக்கருப்பணசாமி கோயிலும் இங்கேயே இருக்கிறது. வண்டியை நம்பிப் பிழைப்போர் பலர் வாழும் ஊரில் வீட்டின் முன்புறத்தில் வண்டிக் கொட்டகை அமைவதும், அதற்கு 'ஷட்டர்' என்று நாம் வழங்கும் உருட்டுக் கதவு மாட்டுவதும் இயல்பே. சந்தை நாளின் விடியற்காலையில் அக்கதவு பாதியில் நின்றுவிட்டால், உள்ளே நிற்கும் வண்டியோடு அந்த வீட்டின் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே, கதவின் உறுப்பு என்பது அற்பமான விஷயமன்று.

முதலில் இக்கதவு இயங்கும் விதத்தை அறிவோம். நீண்ட இரும்புத் தகட்டுப் பட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுக் கதவாகின்றன. அவை இரு புறமும் உள்ள வழித்தடங்களில் ஏறி இறங்குகின்றன. மேலே ஒரு குழாய்த் தண்டு. அதன்மீது கதவு பாயைப்போல் சுருண்டுகொள்கிறது. அத்தண்டில் சுருள்வில், அதாவது ஸ்பிரிங், பொருத்தப்பட்டிருக்கும். கதவை இறக்குகையில் வில் முறுக்கேறுகிறது. ஏற்றுகையில் அந்த முறுக்கு அவிழ்ந்து நம் கைக்குத் துணை செய்கிறது. கதவு இறங்க இறங்கத் தொங்கும் பட்டைகளின் பாரம் கூடுகிறது. வில்லின் முறுக்கும் கூடவே பெருகுகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமன் ஆவதனால்தான், ஒரு சிறுவன்கூட அவ்வளவு கனமான இரும்புக் கதவை ஒரு கையால் தூக்க முடிகிறது. கதவு திடீரென்று மலைபோல் கனக்குமாயின், கனத்தது கதவன்று. வில் ஒடிந்துவிட்டது என்று அறிக.

ஒடிந்த வில்லுக்கு மாற்று வாங்கக் கடைக்குச் செல்பவர் பெரும்பாலும், "இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிறார். பார்வைக்கு ஒத்திருப்பது மட்டும் போதாது. வில்லின் விறைப்பு அதன் கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. ஐந்து மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக ஐந்தரை மில்லிமீட்டர் கம்பியை வைத்தால் விட்டம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் 1.1 என்பதை நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 1.4641 வரும். மற்ற அளவுகள் மாறாதிருக்க, விறைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது! கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர், கதவைத் தானாகவே மேலே பாயச் செய்யும். ஆதலின், கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இடமுறுக்கா வலமுறுக்கா என்பது ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லவேண்டும். இரு வில்கள் உள்ள கதவில் ஒன்று ஒடிந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றுவது நலம். ஒரே நாளில் வேலைக்கு வந்த இரண்டும் ஒரே அளவு உழைத்திருக்கும் அல்லவா?

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். முறுக்கேறிய வில்லுக்குள் கதவின் பாரம் முழுவதையும் தாங்கும் சக்தி அடங்கிக் கிடக்கிறது. பயிற்சி இல்லாதவர் தாங்கியைக் கழற்றினால், அச்சக்தி ஒரு நொடியில் வெளிப்பட்டுக் கையை முறிக்கும், உயிரையும் வாங்கும். அளவெடுப்பதும் உறுப்பைத் தேடுவதும் வீட்டுக்காரர் வேலை. முறுக்கை அவிழ்ப்பதும் ஏற்றுவதும் ஷட்டர் மிஸ்திரியின் வேலை. இந்த எல்லையை மீறலாகாது.

இனி, உறுப்புகளை நாம் இரு வகையாகப் பிரிக்கலாம். அளவினால் அறியப்படுவன ஒரு வகை. பெயரினால் அறியப்படுவன மற்றொரு வகை.

முதல் வகைக்குச் சிறந்த உதாரணம் பேரிங். அதன் விளிம்பில் 6204 என்ற எண் பொறித்திருந்தால், உலகில் எந்த ஆலையில் செய்திருந்தாலும் அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. அவ்வெண்ணின் கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைத்துவிடும். இந்த வசதி தானாக வந்ததன்று. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு திருகுமரை வைத்திருந்தது. ஓரிடத்துத் திருகாணி மற்றோரிடத்து மரைக்குப் பொருந்தாது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், எல்லோரும் ஒரே மரையளவைக் கைக்கொள்ள வேண்டும் என்று எடுத்துரைத்தார். பொது அளவு என்ற எண்ணம் அங்ஙனம் வேரூன்றியது. நம் நாட்டில் 1947-இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. இன்று அதன் பணியை இந்தியத் தர அமைவனம் செய்துவருகிறது. உருட்டுக் கதவுக்கென ஐ.எஸ். 6248 என்ற தர ஆவணமும், வில் செய்யும் எஃகுக் கம்பிக்கென ஐ.எஸ். 4454 என்ற ஆவணமும் உள்ளன. இவற்றின்படி செய்த கதவுக்கு உறுப்புத் தேடி அலையவேண்டியதில்லை. அளவைச் சொன்னால் எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம்.

இரண்டாம் வகை உறுப்புக்கு அளவு வெளியிடப்படுவதில்லை. செய்தவர் இட்ட ஒரு பெயரும் எண்ணுமே அதற்கு உண்டு. அவரே கொடுத்தால்தான் கிடைக்கும். அவர் செய்வதை நிறுத்திவிட்டால் இல்லை. என் வீட்டு ஷட்டரை இயக்கும் மின்மோட்டாரில் ஒரு நைலான் பற்சக்கரம் தேய்ந்தபோது இதனை நேரில் கண்டேன். அந்தச் சக்கரம் தனியாக விற்பனைக்கு இல்லை என்றும், மோட்டார் முழுவதையும் புதிதாக வாங்கவேண்டும் என்றும் விடை வந்தது. ஓர் உள்ளங்கையில் அடங்கும் சக்கரத்துக்காக நல்ல மோட்டாரைக் குப்பையில் எறிய எனக்கு மனம் இல்லை.

சக்கரத்தை மேசைமேல் வைத்து எண்ணினேன். பற்கள் முப்பது. வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர். நேர்ப்பற்கள் கொண்ட சக்கரத்தில் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதனால் வெளிவிட்டத்தை வகுத்தால் 'மாட்யூல்' என்னும் பல்லளவு கிடைக்கும். 48-ஐ 32-ஆல் வகுத்தேன், ஒன்றரை வந்தது. ஒன்றரை என்பது உலகெங்கும் பற்சக்கரம் வெட்டுவோர் கையாளும் பொது அளவுகளுள் ஒன்று! அந்த எண்ணையும், துளையின் விட்டத்தையும், சக்கரத்தின் கனத்தையும் ஒரு தாளில் எழுதித் திண்டுக்கல்லில் உள்ள ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்தேன். புதிய சக்கரம் வந்தது, கதவும் ஓடியது. பெயரினால் அறியப்படும் உறுப்புகளில் பல, உண்மையில் வேடம் பூண்ட அளவுறுப்புகளே. அளவுகோலும் சிறிது கணக்கும் அந்த வேடத்தைக் கலைத்துவிடும்.

எல்லா உறுப்பையும் இவ்வாறு கடைந்தெடுக்க இயலாது. தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் ரிமோட் அத்தகையது. பழைய ரிமோட்டுகள் எப்போதும் ஒரே குறியை அனுப்பின. அதனைத் திருடன் பதிவு செய்துகொண்டால் கதவு அவனுக்கும் திறக்கும். ஆகவே, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறி மாறும் முறை வந்தது. ரிமோட்டும் கதவிலுள்ள பெட்டியும் தமக்குள் ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அடுத்த குறி எது என்பதைத் தனித்தனியே கணக்கிட்டுக்கொள்கின்றன. இந்த இரகசியம் நியாயமானது. அது நம்மைக் காக்கிறது. ஆனால், அதே இரகசியத்தைக் காட்டி, "நான் விற்கும் ரிமோட்டைத் தவிர வேறொன்றையும் நீ வாங்கலாகாது" என்று கதவு விற்றவர் சொல்லலாமா?

இந்த வழக்கு அமெரிக்காவில் உண்மையிலேயே நடந்தது. சேம்பர்லேன் என்ற நிறுவனம் வண்டிக் கொட்டகைக் கதவுகளைத் திறக்கும் இயந்திரங்களைச் செய்வது. அவ்வியந்திரங்களைத் திறக்கவல்ல பொது ரிமோட்டு ஒன்றை ஸ்கைலிங்க் என்ற நிறுவனம் விற்றது. 1998-ஆம் ஆண்டின் மின்னணுப் பதிப்புரிமைச் சட்டத்தைச் சுட்டி முதல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கைலிங்க் பக்கமே தீர்ப்பளித்தது. விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தைக்கொண்டு வீட்டுக்காரர் தம் கதவைத் தாமே திறப்பதில் பதிப்புரிமை எதுவும் களவு போகவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் மாவட்டத்துக்கு இந்த விவாதம் புதியதன்று. திண்டுக்கல் பூட்டின் பெருமையை நீங்கள் அறிவீர்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கையால் செய்யப்படும் அப்பூட்டினுள் நெம்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் பூட்டுத் திறக்கும். தகடு இயங்கும் விதம் எல்லோருக்கும் தெரியும்; எந்தத் தகடு எவ்வளவு உயரவேண்டும் என்பதுதான் இரகசியம். அந்த இரகசியம் சாவி வைத்திருப்பவரின் மடியில் இருக்கிறது. 1851-இல் லண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போது, ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி, திறக்கவே முடியாது என்று பெயர்பெற்ற பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து காட்டினார். இத்தகைய குறைகளை வெளியிடுவது திருடருக்கு உதவாதா என்று சிலர் கவலைப்பட்டனர். திருடர்கள் அவற்றை முன்னமே அறிவார்கள். அறியாதிருப்பவர் வீட்டுக்காரரே என்பது ஹாப்ஸின் கட்சி.

நான் சொல்ல வந்ததும் இதுவே. இரகசியம் சாவியில் இருக்கவேண்டும். திருகாணியிலும் பற்சக்கரத்திலும் அதற்கு வேலை இல்லை. சாவியின் இரகசியம் வீட்டுக்காரரைக் காக்கிறது. சக்கரத்தின் இரகசியம் விற்றவரின் அடுத்த வியாபாரத்தை மட்டுமே காக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இத்திசையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி உறுப்புகளை வெளிச்சந்தையில் கிடைக்கவொட்டாமல் தடுத்ததற்காக 14 மோட்டார் வாகன நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வாணை பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கான விதிமுறைகளை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவை அதன் கவனத்துக்கு உரியனவாயின.

சட்டம் முழுமை பெறும்வரை நாம் சும்மா இருக்கவேண்டுவதில்லை. கதவு வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். தேயும் உறுப்புகள் தனித்தனியே விற்கப்படுகின்றனவா? அவற்றின் அளவுகள் எழுதித் தரப்படுமா? மின்சாரம் நின்றாலும் மோட்டார் பழுதானாலும் கையால் திறக்க வழி உண்டா? இம்மூன்றுக்கும் விடை தராத கதவு எவ்வளவு மலிவானாலும் மலிவன்று. வாங்கிய பின், பட்டையின் அகலம், கனம், வில்லின் அளவு, பேரிங் எண், மோட்டாரின் மாதிரி எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்போம். ஒடிந்த உறுப்பைப் புதியது வந்து பொருந்தும்வரை எறியாதிருப்போம். அளவுக்குச் சாட்சி அதுவே.

மாணவ நண்பர்களே, நீங்கள் வகுப்பில் படிக்கும் அடுக்குக் கணக்கும் வகுத்தல் கணக்கும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. ஒரு சக்கரத்தின் பற்களை எண்ணத் தெரிந்தவன், ஒரு மோட்டாரின் விலையை மிச்சப்படுத்துகிறான். பட்டறையில் உழைக்கும் ஒருவருக்கு அன்றைய கூலியையும் தருகிறான். வீட்டிலுள்ள ஓர் இயந்திரத்தை இன்று எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எவை அளவுறுப்புகள், எவை பெயருறுப்புகள் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அப்பட்டியல் கையில் இருந்தால், அது பழுதாகும் நாளில் எந்தக் கடைக்குச் செல்வது, என்ன கேட்பது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.