வாசல் வரை வராத முகவரி

மன்னார்புரத்தில் அக்கா வீடு. முழுப் பரீட்சை முடிந்த முதல் சனிக்கிழமை ராத்திரி. அக்கா மகன் தன் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றை ஓட விட்டுக் காத்திருந்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு நண்பன், கே.கே. நகரில் ஒரு தோழி, அப்பாவின் வேலைக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்ட இன்னொருவன். நாலு பேரும் சேர்ந்து ஓர் ஊர் கட்டுவதாக ஏற்பாடு. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது, பத்தரை ஆகியும் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. சிங்கப்பூரில் அப்போது மணி ஒன்று. அவன் தூங்கப் போய்விட்டான்.

"மாமா, ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். இந்த யோசனை எல்லா வீட்டிலும் வருகிறது. அழைக்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுப்பதுதான் ஃபயர்வாலின் வேலை. அதை அணைத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் காவல் போய்விடும். விளையாட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு வழி.

விண்டோஸில் தேடிப் பார்த்தோம். சர்வரை முதல்முறை ஓட்டும்போது, 'அனுமதிக்கலாமா?' என்று ஒரு பெட்டி வரும். பையன் அவசரத்தில் கேன்சல் அழுத்தியிருக்கிறான். அப்படி அழுத்தினால் சர்வரை ஓட்டும் ஜாவாவுக்குத் தடை விதி ஒன்று பதிவாகிவிடும். பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் தடைதான் ஜெயிக்கும். அதை நீக்கியதும் ஹாலில் இருந்த லேப்டாப்பிலிருந்து உள்ளே போக முடிந்தது. ஸ்ரீரங்கத்துப் பையனால் அப்போதும் முடியவில்லை.

அடுத்தது ரூட்டர். போன், டி.வி., கம்ப்யூட்டர் என்று வீட்டில் எத்தனை இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரூட்டரின் ஒரே முகவரிதான். வெளியே இருந்து ஒருவர் கதவைத் தட்டினால், யாரைப் பார்க்க வந்தார் என்று ரூட்டருக்குத் தெரியாது; திருப்பி அனுப்பிவிடும். '25565 என்ற போர்ட் எண்ணைக் கேட்டு வந்தால் இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு' என்று நாம் எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவா பதிப்புக்கு 25565, அனுப்பும் முறை டி.சி.பி. போனில் ஆடும் பெட்ராக் பதிப்புக்கு 19132, அனுப்பும் முறை யு.டி.பி. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் முழிப்பவர்கள் உண்டு. அந்தக் கம்ப்யூட்டரின் வீட்டு முகவரியையும் ரூட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் அந்த எண் மாறி, நாம் எழுதிய விதி டி.வி.க்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும். ஃபைபர் பாக்ஸ் ஒன்று, வைஃபைக்குத் தனி ரூட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கும் வீடுகளில் இரண்டிலும் வழி திறக்க வேண்டும், அல்லது ஒன்றை வெறும் பாலமாக மாற்ற வேண்டும்.

அத்தனையும் செய்தோம். நடக்கவில்லை.

நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதை அப்போதுதான் பார்த்தேன். ரூட்டரின் நிலைப் பக்கத்தில், நெட் நிறுவனம் நமக்குக் கொடுத்த முகவரி இருக்கும். அங்கே 100.72 என்று தொடங்கியது. 'என் ஐ.பி. என்ன' என்று இணையத்தில் கேட்டால் வேறொரு எண் வந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்றால், பூட்டு நம் வீட்டில் இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு பஞ்சக் கதை இருக்கிறது. பழைய இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. 2011 பிப்ரவரியில் உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் நமது ஆசிய-பசிபிக் பதிவகமும் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, அளந்து கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தது. நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டன. அதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. ஆக, ஸ்ரீரங்கத்துப் பையன் தட்டியது நிறுவனத்தின் பெரிய ரூட்டரை. எங்கள் வீட்டில் எழுதிய விதி அதற்குத் தெரியாது.

எனக்கு இதில் கோபம் உண்டு. இணைப்பு விற்கும்போது வேகத்தைச் சொல்கிறார்கள். முகவரி சொந்தமா, பங்கா என்று சொல்வதில்லை. விண்ணப்பத்தில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பிள்ளைகள் தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்!

வழிகள் இருக்கின்றன. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நமக்கே சொந்தமான நிரந்தர முகவரியை, அதாவது ஸ்டேட்டிக் ஐ.பி.யை, வாங்கலாம். டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற செயலிகளை நண்பர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டால், ஒரே வீட்டில் இருப்பதுபோல இணைந்துகொள்ளலாம்; ரூட்டரைத் தொடவே வேண்டாம். புதிய ஐ.பி.வி.6 முகவரிக்குப் பஞ்சமே கிடையாது. 2016இல் வந்த ஜியோவின் மொபைல் வலை அதன்மேல்தான் கட்டப்பட்டது. ஆனால் ஆடும் எல்லோர் வீட்டிலும் அது இருக்க வேண்டும், ரூட்டரிலும் அதற்குத் தனியாக வழிவிட வேண்டும்.

நாங்கள் ஸ்டேட்டிக் ஐ.பி. கேட்டோம். திங்கட்கிழமை வந்த நெட்காரர், "கேமரா வைக்கிறவங்கதான் சார் இதைக் கேப்பாங்க" என்றபடி அமைத்துக் கொடுத்தார். ரூட்டருக்கு 'அட்மின்' என்றே இருந்த பாஸ்வேர்டை அப்போதே மாற்றினோம். சர்வரில் வொயிட்லிஸ்ட் போட்டு, நாலு பெயருக்கு மட்டும் அனுமதி வைத்தோம். பொது முகவரி கிடைத்தால் முன்பின் தெரியாதவர்களும் வந்து தட்டிப் பார்ப்பார்கள்.

பையன் வீட்டு வைஃபையிலிருந்தே அந்தப் புது முகவரியைச் சோதித்துவிட்டு, மறுபடியும் முகம் வாடினான். பல ரூட்டர்கள் உள்ளிருந்து கிளம்பி வெளியே போய்த் தன் வாசலுக்கே திரும்பி வரும் பயணத்தை அனுமதிக்காது. லேப்டாப்பை என் போனின் மொபைல் டேட்டாவில் இணைத்துப் பார்க்கச் சொன்னேன். கதவு திறந்தது.

இனி மிச்சம் தூரம்தான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002இல் போட்ட கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்வர 32 மில்லி செகண்டு போதும். அன்று ராத்திரி எட்டு மணிக்குச் சிங்கப்பூர்ப் பையனின் பெயர் திரையில் வந்தது. பக்கத்தில் பிங் காட்டும் ஐந்து கோடுகளும் பச்சை. அங்கே மணி பத்தரை, மறுநாள் பள்ளிக்கூடம் வேறு. அவன் அம்மா அரை மணி நேரம் கொடுத்திருந்தார்.