ஒரு மீட்டர் விதி

வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் செலுத்தும் ஹீட் பம்ப், நம்மவர் அறிந்த ஏர்கண்டிஷனரைத் திருப்பிப் போட்டாற் போன்றதொரு யந்திரம். இங்கிலாந்தில் குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதனை அமைப்போருக்கு 2011 டிசம்பர் முதல் நகர சபையின் அநுமதி வேண்டுவதில்லை. ஆனால் மனையின் எல்லையிலிருந்து யந்திரம் 1 மீட்டர் தள்ளியிருக்க வேண்டுமென்பதும் அந்நிபந்தனைகளுள் ஒன்றாயிருந்தது.

விசாலமான தோட்டமுடைய பிரபுவுக்கு இஃதொரு பொருட்டன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் வசிக்கும் தொழிலாளி எங்கே போவான்? விண்ணப்பம் போட்டு 8 வாரம் காத்திருக்க வேண்டியதுதான். அவ்விண்ணப்பக் கட்டணமும் 2025 ஏப்ரலில் 258 பவுனிலிருந்து 528 பவுனாக ஏறிற்று. இதே யந்திரத்துக்கு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுன் மானியம் வழங்கிய ஸர்க்காரின் செய்கை, விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலைச் சாத்தியதற்கு ஒப்பாகும்.

அண்டை வீட்டாரை வருத்துவது ஓசையேயன்றித் தூரமன்று. வெளிப்பெட்டி 0.6 கன மீட்டரை மிஞ்சலாகாதென்ற விதியோ இன்னும் விபரீதம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே வேலையை முடிக்கும், ஓசையும் குறையும். 2025 மே 29-இல் தூர விதி ஒழிந்தது. வீடுகளுக்குப் பெட்டியின் அளவும் 1.5 கன மீட்டராயிற்று. மனமார வரவேற்கிறோம்.

எனினும், எஞ்சியுள்ள ஓசைக் கணக்கைப் போடுபவர் யார்? யந்திரத்தைப் பொருத்தும் கம்பெனியாரே! நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு, கட்சிக்காரனே தீர்ப்பெழுதும் விசித்திரமாக இது தோன்றுகிறது. புகார் வந்தபின் விசாரிக்க நகர சபைக்கு அதிகாரமுண்டு என்பது மெய்யே. தூக்கமிழந்தவன் புகாருடன் வரும்வரை காத்திராமல், யந்திரம் பொருத்திய முதல் மாதத்திலேயே சபையின் சிப்பந்தி ஒருவர் நள்ளிரவில் அண்டை வீட்டு ஜன்னலருகே நின்று ஓசையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.